மின்னேறாக் கருவி

வானில் பறக்கும் ஆளில்லா விமானத்தைக் காண்போரின் கண்கள் அவ்விமானத்தையே நோக்கும். அதனை இயக்குவோர் கையில் உள்ள சிறு பெட்டியை நோக்குவோர் சிலரே. ட்ரோன் என்று மக்கள் வழங்கும் அவ்விமானம் எத்துணை ஆற்றல் உடையதாயினும், தொலைவிலிருந்து அதனை ஆளும் ரிமோட் என்னும் கருவி உறங்கிவிட்டால், அதனைப் பறக்கவிடுதல் தகாது. குதிரை வலிமை மிக்கதுதான். ஆயினும், கடிவாளம் இல்லாத குதிரையின்மீது அறிவுடையோர் ஏறார்.

பயிருக்கு மருந்து தெளித்தல் இன்று ட்ரோனின் முதன்மையான பயன்களுள் ஒன்று. 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ட்ரோன்கள் வழங்கும் திட்டத்திற்கு இந்திய அரசு 2023ஆம் ஆண்டில் இசைவு அளித்தது. மருந்து தெளிப்பதற்கு ஏற்ற நேரம், காற்று அடங்கியிருக்கும் காலைப் பொழுது. வெயில் ஏறிக் காற்று வலுத்தால், மருந்துத் துளிகள் பக்கத்து வயலுக்குப் பறந்துவிடும். அத்தகைய காலையில், இரவெல்லாம் மின்னேற்றத்தில் வைத்திருந்த ரிமோட் கண் திறக்கவில்லையானால் என்ன ஆகும்? அன்றைய கூலி போகும்; நம்பி அழைத்த உழவரின் பொறுமையும் போகும். பயிரைத் தின்னும் பூச்சியோ மறுநாள்வரை காத்திராது.

இத்தகைய வேளையில், கருவி கெட்டுவிட்டது என்று முடிவு செய்து புதியதொன்றை வாங்க ஓடுவோர் பலர். கருவியைக் கையால் தட்டிப் பார்ப்போரும் உளர். இரண்டும் பிழையே. நாடியைப் பார்க்காமல் மருந்து கொடுக்கும் மருத்துவனை யாரும் நம்புவதில்லை. கருவிக்கும் அதுவே முறை.

வயலுக்கு நீர் வரவில்லை என்றால், உழவன் வயலைக் குறை கூறுவதில்லை. கிணற்றில் நீர் உண்டா, வாய்க்கால் உடைந்துள்ளதா, மடை திறந்திருக்கிறதா என்று தலைப்பிலிருந்து கடைவரை நடந்து பார்க்கிறான். மின்சாரமும் நீரைப் போலவே ஒரு வழியில் வருகிறது. சுவரில் உள்ள மின்வாயில் 230 வோல்ட் அழுத்தமுள்ள மாறுமின்னோட்டம் இருக்கிறது. சார்ஜர் என்னும் மின்னேற்றி அதனைப் பெரும்பாலும் 5 வோல்ட் அளவுள்ள நேர்மின்னோட்டமாக மாற்றுகிறது. கேபிள் அதனை ரிமோட்டின் துளைக்குக் கொண்டு சேர்க்கிறது. துளைக்கு உள்ளே உள்ள சிறு மின்சுற்று, மடைகாப்பவன் போல நின்று, மின்கலத்திற்கு வேண்டிய அளவை மட்டும் விடுகிறது. மின்னேற்றி, கேபிள், துளை, மின்சுற்று, மின்கலம் ஆகிய ஐந்தனுள் எங்கே தடை நேர்ந்தாலும் விளைவு ஒன்றே, விளக்கு எரியாது. ஆகவே, ஐந்தனையும் வரிசையாக ஆராய்தல் வேண்டும்.

முதலில் ஆராயத் தக்கது மின்னேற்றி. சுவரில் உள்ள ஸ்விட்சு போடப்பட்டுள்ளதா என்று பார்த்தல் எளிய செயல். எளிது என்பதாலேயே பலர் அதனை மறந்துவிடுகின்றனர். அதன்பின், அதே மின்னேற்றியையும் அதே கேபிளையும் கொண்டு ஒரு கைப்பேசிக்கு மின்னேற்றிப் பார்க்கலாம். கைப்பேசியில் மின்சாரம் ஏறுமானால், அவ்விரண்டும் பெரும்பாலும் நல்லனவே. ஏறவில்லையானால், குறை ரிமோட்டில் இருப்பதாகக் கொள்வதற்கு இன்னும் காரணம் இல்லை.

இவ்விடத்தில் ஒரு விதியை மனத்தில் கொள்ளல் வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மின்னேற்றி, கேபிள் இரண்டையும் ஒருசேர மாற்றியபின் கருவி உயிர்பெற்றால், கெட்டது எது என்பது தெரியாமலே போகும். நல்லதைக் குப்பையில் எறிந்து, கெட்டதைப் பெட்டியில் பாதுகாக்கும் நிலையும் வரலாம். மின்னேற்றியை மாற்றாமல் கேபிளை மட்டும் மாற்றினால், விடை ஐயமின்றிக் கிடைக்கும். ஆய்வுக்கூடத்தில் அறிஞர் கைக்கொள்ளும் முறையும் இதுவே.

அடுத்தது கேபிள். இது மெல்லிய செம்புக் கம்பிகளின் தொகுதி. செருகியை ஒட்டிய கழுத்துப் பகுதி அடிக்கடி வளைவதால், மேலுறை பழுதின்றி இருக்கும்போதே உள்ளே கம்பி அறுந்துவிடுதல் உண்டு. கழுத்தைச் சற்றே அசைக்கும்போது விளக்கு எரிந்தும் அணைந்தும் காட்டுமானால், அறுந்த இடம் அதுவாக இருக்கலாம்.

சில வேளைகளில் மின்னேற்றியும் நல்லது, கேபிளும் நல்லது, கருவியும் நல்லதுபோலவே தோன்றும். ஆயினும் மின்சாரம் ஏறாது. இப்புதிருக்கு விடை, 2014ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட யு.எஸ்.பி.-சி என்னும் செருகியில் உள்ளது. எப்பக்கம் திருப்பிச் செருகினாலும் பொருந்தும் முட்டை வடிவச் செருகி அது. கேபிளின் இருமுனையிலும் இவ்வகைச் செருகி இருந்தால், மின்னேற்றி உடனே மின்சாரத்தை விடுவதில்லை. மறுமுனையில் உள்ளது மின்சாரம் பெறத்தக்க கருவிதானா என்று முதலில் வினவுகிறது. கருவிக்குள் வைக்கப்பட்ட 5.1 கிலோ ஓம் அளவுள்ள சிறு மின்தடையே அவ்வினாவுக்கு விடை கூறுகிறது. செலவைக் குறைக்கக் கருதியோ அறியாமையாலோ அத்தடையை வைக்காமல் செய்யப்பட்ட கருவிகள் உண்டு. அவற்றின் வாய் அடைபட்டிருப்பதால், மின்னேற்றி மடையைத் திறப்பதில்லை.

இது சிறு பொருள்களில் மட்டும் நேரும் பிழை அன்று. 2019ஆம் ஆண்டில் வெளிவந்த ராஸ்பெரி பை 4 என்னும் புகழ்பெற்ற சிறு கணினியில், தனித்தனியே இருக்க வேண்டிய இரண்டு தடைகளுக்கு மாறாக ஒரே தடை பொதுவாக வைக்கப்பட்டது. அதனால் சிலவகைக் கேபிள்கள் வழியே அதற்கு மின்சாரம் செல்லவில்லை. பின்னர் வந்த பதிப்பில் அக்குறை நீக்கப்பட்டது. ரிமோட்டில் இத்தகைய குறை இருப்பின், அதனைத் தாண்ட எளிய வழி ஒன்று உண்டு. ஒரு முனையில் பழைய செவ்வகச் செருகியும், மறுமுனையில் சி வகைச் செருகியும் உடைய கேபிளைப் பழைய வகை மின்னேற்றியுடன் பயன்படுத்தலாம். பழைய வகைத் துளையில் 5 வோல்ட் அழுத்தம் வினா எதுவும் எழுப்பாமல் எப்போதும் நிற்பதால், மின்சாரம் தடையின்றிச் செல்லும். கெட்டது என்று ஒதுக்கப்பட்ட கருவிகளுள் சில, இவ்வொரு மாற்றத்தால் மீண்டும் உயிர் பெறுகின்றன.

மூன்றாவது, ரிமோட்டின் துளை. வயலில் பயன்படும் கருவியின் துளைக்குள் மண்ணும் தூசியும் சட்டைப்பையின் பஞ்சும் சேர்ந்து இறுகிவிடும். செருகி முழுதும் உட்செல்லாமல் பாதியில் நின்றால், அதுவே காரணம் என்று ஊகிக்கலாம். கருவியை அணைத்து, கேபிளை நீக்கி, உலர்ந்த மரக்குச்சியால் அழுக்கை மெல்ல எடுத்தல் வேண்டும். ஊசி, குண்டூசி முதலிய உலோகப் பொருள்களை உள்ளே விடுதல் கூடாது. அவை உள்முனைகளை வளைத்துவிடும், மின்முனைகளை ஒன்றோடொன்று சேர்த்தும்விடும். துளை நனைந்திருந்தால், நன்கு உலரும்வரை மின்னேற்றம் வேண்டா. துளையே தளர்ந்து ஆடினால், உள்ளே பற்றவைத்த இடம் விட்டுப்போயிருக்கலாம். அது பயிற்சி பெற்ற தொழிலாளர் செய்யவேண்டிய வேலை.

நான்காவதாகிய மின்சுற்றையும் ஐந்தாவதாகிய மின்கலத்தையும் ஒருசேரக் காணுதல் நலம். மின்கலத்தின் வரலாறு 1800ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் வோல்டா அமைத்த அடுக்கிலிருந்து தொடங்குகிறது. இன்றைய ரிமோட்டுகளில் பெரும்பாலும் இருப்பது லித்தியம் அயனி மின்கலம். அது 1991ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. அதனை உருவாக்க உழைத்த குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவரும் 2019ஆம் ஆண்டில் வேதியியலுக்கான நோபெல் பரிசு பெற்றனர். எடையிற் குறைந்து, ஆற்றலில் மிகுந்து விளங்குவது அதன் சிறப்பு. அளவு கடந்தால் ஊறு செய்வது அதன் இயல்பு.

பரவலாக வழங்கும் இவ்வகைக் கலம் ஒன்று நிறைந்த நிலையில் 4.2 வோல்ட் அழுத்தம் காட்டும். பயன்படுத்தப் பயன்படுத்த அது குறைந்து 3 வோல்ட்டை நெருங்கும். அதற்கும் கீழே மிகத் தாழ்ந்தால் கலம் கேடுறும் என்பதனால், காவற்சுற்று ஒன்று இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. அறுவடைக்குப் பின் மாதக்கணக்கில் அலமாரியில் உறங்கிய ரிமோட் பெரும்பாலும் இந்நிலையை அடைந்திருக்கும். அதற்கு மின்னேற்றத் தொடங்கினால், மின்சுற்று முதலில் மிகச் சிறிய அளவு மின்னோட்டத்தையே விடும். பட்டினி கிடந்தவனுக்கு முதலில் கஞ்சி ஊட்டுவது போன்றது அது. அந்நேரத்தில் விளக்கு எரியாமலும் இருக்கலாம். எனவே, அரைமணி அல்லது ஒருமணி நேரம் அருகிருந்து பொறுமையுடன் காத்திருத்தல் தக்கது. அதற்குப் பின்னும் அசைவில்லையானால், கலத்தை வற்புறுத்துதல் தீது. மிகத் தாழ்ந்த அழுத்தத்தில் நெடுநாள் கிடந்த கலத்தினுள் செம்பு கரைந்து வேறிடத்தில் படிந்திருக்கலாம். அதன்மீது வலிய மின்னேற்றினால் தீப்பற்றவும் கூடும்.

வெப்பநிலையும் தடையாகும். பொதுவாக இக்கலங்களுக்கு 0 பாகை முதல் 45 பாகை செல்சியசு வரையிலேயே மின்னேற்றலாம். கடுங்குளிரில் மின்னேற்றினால், லித்தியம் உலோகமாகப் படிந்து கலத்தைக் கெடுக்கும். ஆதலின், வெப்பத்தை அளக்கும் உறுப்பு உள்ள கருவிகளில், மின்சுற்று தானே வழியை அடைத்துவிடும். சித்திரை வெயிலில் வரப்பின்மேல் கிடந்த ரிமோட் மின்னேற மறுத்தால், அதனை நிழலில் வைத்து ஆறவிடுதலே மருந்து.

மின்சாரம் ஏறாமல் இருப்பது வேறு, மெல்ல ஏறுவது வேறு. 18 வாட்-மணி ஆற்றல் கொள்ளும் கலத்தைக் கணினியின் பழைய வகைத் துளையில் இணைத்தால், அத்துளை தருவது ஏறத்தாழ 2.5 வாட். அவ்வாறாயின், கலம் நிறைய ஏழு மணி நேரத்திற்கு மேல் ஆகும். ரிமோட்டும் இயங்கிக் கொண்டிருந்தால், வருவதனைத்தும் அங்கேயே செலவாகிவிடும். 10 வாட் தரும் மின்னேற்றியோடு இணைத்து, ரிமோட்டை அணைத்து வைத்தால், கருவி அவ்வளவையும் ஏற்கும் தன்மையதாயின் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போதும். சில ரிமோட்டுகள் அணைந்திருக்கும்போது மட்டுமே மின்னேற்றம் கொள்ளும் வகையில் அமைந்துள்ளன. ஆகவே, கருவியோடு வரும் கையேட்டைப் படித்தல் வேண்டும்.

எல்லாவற்றினும் மேலான எச்சரிக்கை ஒன்று உண்டு. ரிமோட்டின் உடல் புடைத்தாலும், இனிப்பும் காரமும் கலந்த புதுவகை நெடி வீசினாலும், தொட முடியாதபடி சூடேறினாலும், ஆராய்ச்சியை அந்த நொடியே நிறுத்துதல் வேண்டும். சுவரில் உள்ள ஸ்விட்சை அணைத்து, எளிதில் தீப்பற்றும் பொருள்களிலிருந்து விலகியிருத்தல் வேண்டும். புடைத்த கலத்தைக் குத்துதலும் அமுக்குதலும் உயிருக்கே ஊறு விளைப்பன. அதனைக் குப்பைத் தொட்டியில் எறிதலும் குற்றம். பயன் தீர்ந்த மின்கலங்களைச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பினை, 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளர்மீது வைத்துள்ளன. அதற்குரிய இடத்தில் ஒப்படைத்தலே முறை.

வருமுன் காத்தல் இதனினும் எளிது. நெடுநாள் பயன்படாது என்று தெரிந்தால், ரிமோட்டை முற்றும் நிரப்பியோ முற்றும் வற்றவிட்டோ வைத்தல் கூடாது. ஏறத்தாழப் பாதியளவு மின்னேற்றி, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும். இரண்டு மூன்று திங்களுக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, குறைந்ததை நிரப்புதல் நலம். வேலைக்குச் செல்லும் நாளுக்கு முந்திய மாலையில் மின்னேற்றத் தொடங்கி, விளக்கு எரிவதைக் கண்ணால் கண்ட பின்னரே வேறு பணிக்குச் செல்லுதல் வேண்டும். அம்மாலையில் ஐந்து நிமிடம் செலவிடுவோர்க்கு மறுநாள் காலைப் பொழுது வீணாவதில்லை. அவரை நம்பிய உழவரின் பயிரும் உரிய வேளையில் மருந்து பெறும்.