அமெரிக்காவில் ஒரு தண்டச் சீட்டு: கட்டுவதற்கு முன் வாசியுங்கள்

சென்ற மாதம் ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு என் பழைய மாணவர் ஒருவர் வட்ஸ்அப்பில் அழைத்தார். அமெரிக்காவில் முதுமாணிப் படிப்பில் இருப்பவர். விடுமுறையில் நண்பர்களோடு தேசியப் பூங்கா ஒன்றுக்குப் போய் ட்ரோன் பறக்க விட்டிருக்கிறார். ரேஞ்சர் வந்து சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

"சேர், கூட்டாளிமார் சும்மா விடு எண்டு சொல்றாங்க. ஒருத்தர் உடனே காசைக் கட்டி முடிச்சிரு எண்டு சொல்றார். என்ன செய்யிற? வாப்பாவுக்கு மட்டும் சொல்லிராதீங்க."

நான் சட்டத்தரணி அல்ல. ஆனாலும் இந்த இரண்டு ஆலோசனைகளும் அவசரமானவை என்பது சீட்டின் படத்தை வாசித்தபோதே விளங்கியது. படிப்புக்கும் தொழிலுக்கும் பிள்ளைகளைப் பார்க்கவும் அமெரிக்கா போகிறவர்கள் எம்மிடையே இருப்பதால், விளங்கியதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

அமெரிக்காவில் மாநிலச் சட்டம் வேறு, மத்திய அரசின் சட்டம் வேறு. தேசியப் பூங்காக்கள், தேசிய வனங்கள், இராணுவ முகாம்கள், தபாலகங்கள், முன்னாள் படைவீரர் வைத்தியசாலைகள் போன்றவை மத்திய அரசின் சொத்துக்கள். அங்கே நடக்கும் சிறு குற்றத்துக்கு எழுதப்படும் சீட்டு உள்ளூர் நீதிமன்றத்துக்குப் போவதில்லை. டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரிலுள்ள மத்திய மீறல்கள் பணியகத்துக்குப் போகிறது. அந்தப் பணியகம் சீட்டைப் பதிந்து, பணத்தை அறவிட்டு, வழக்குத் திகதியை அறிவிக்கும். குற்றவாளியா இல்லையா என்று தீர்ப்பது மத்திய நீதிமன்றத்தின் நீதவானே.

எவற்றுக்குச் சீட்டு வரும்? வேகமாக ஓட்டுவது, தடைசெய்த இடத்தில் வாகனம் நிறுத்துவது முதலியன வழமையானவை. தேசியப் பூங்காக்களில் ட்ரோன் பறக்கவிடுவது 2014 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. யெலோஸ்டோன் பூங்காவில் கரடி, ஓநாய்களிடமிருந்து 100 யார் தூரமும் காட்டெருமையிடமிருந்து 25 யார் தூரமும் விலகி நிற்க வேண்டும். படமெடுக்கும் ஆசையில் நெருங்கினால் அதுவும் குற்றம். கஞ்சாவை ஒரு மாநிலம் அனுமதித்திருந்தாலும் மத்திய அரசின் நிலத்தில் அது குற்றமே.

சீட்டைக் கையில் வாங்குவது குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது. முதலில் பார்க்க வேண்டியது, அதில் எந்தக் கட்டம் அடையாளமிடப்பட்டுள்ளது என்பதை. ஒரு கட்டம் நீதிமன்றத்துக்குக் கட்டாயம் வரவேண்டும் என்கிறது. அப்படியானால் பணம் கட்டித் தப்ப முடியாது. மற்றக் கட்டம், குறித்த தொகையைக் கட்டலாம் அல்லது நீதிமன்றத்தில் ஆஜராகலாம் என்கிறது. அந்தத் தொகையோடு 30 டொலர் நடைமுறைக் கட்டணமும் சேரும். பணத்தை இணையத்திலோ தபாலிலோ பணியகத்துக்கே கட்ட வேண்டும். சீட்டு கணினியில் பதிவாகச் சில வாரங்கள் செல்லலாம். இன்று தேடிக் கிடைக்கவில்லை என்பதற்காக அது இரத்தாகிவிட்டது என்று எண்ணக் கூடாது.

"காசைக் கட்டி முடி" என்பதில் உள்ள சிக்கல் இதுதான்: பணம் கட்டுவது ஒரு குற்றத்தை ஏற்றுக்கொள்வதாக அமையலாம், அது பதிவில் இடம்பெறலாம் என்று சீட்டிலேயே எச்சரிக்கை இருக்கிறது. எமது நாட்டில் தபாலகத்தில் தண்டம் கட்டிவிட்டு மறந்துவிடுவது போலல்ல இது. அமெரிக்க விசா விண்ணப்பம், எப்போதாவது கைதானீர்களா, குற்றவாளியாகக் காணப்பட்டீர்களா என்று கேட்கிறது. பிரஜாவுரிமை விண்ணப்பமோ சீட்டு வழங்கப்பட்டதா என்றும் கேட்கிறது. வெறும் தரிப்பிடச் சீட்டு பெரிதாகப் பாதிக்காமல் போகலாம். ஆனால் கேள்விக்குப் பொய் சொல்வது நிச்சயம் பாதிக்கும்.

"சும்மா விடு" என்பது அதைவிட மோசம். பணமும் கட்டாமல் ஆஜராகாமலும் இருந்தால் நீதிமன்றம் அழைப்பாணையோ பிடியாணையோ பிறப்பிக்கலாம். வாகனக் குற்றமென்றால் சாரதி அனுமதிப்பத்திரமும் பாதிக்கப்படலாம்.

குற்றத்தை மறுப்பவர் பணத்தைக் கட்டாமல் விசாரணை கோர வேண்டும். இந்தச் சிறு குற்றங்களுக்கு ஜூரி கிடையாது, நீதவானே விசாரிப்பார். இவ்வகைக் குற்றத்துக்கு உச்ச தண்டனை ஆறு மாதச் சிறையும் 5,000 டொலர் தண்டமும் ஆகும், நடைமுறையில் பெரும்பாலும் சிறு தண்டத்தோடு முடிகிறது. தீர்ப்பில் திருப்தியில்லாவிட்டால் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். ஆங்கிலம் தெரியாத பெற்றோருக்கு மொழிபெயர்ப்பாளரைக் கேட்கும் உரிமை உண்டு. முகவரி மாறினால் பணியகத்துக்கு உடனே அறிவிக்க வேண்டும், இல்லையேல் வழக்குத் திகதிக் கடிதம் பழைய வீட்டுக்குப் போய்விடும்.

என் மாணவர் ட்ரோன் பறக்கவிட்டது உண்மை. மறுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனாலும் கட்டுவதற்கு முன், பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் பிரிவிலும் குடிவரவுச் சட்டம் தெரிந்த ஒரு சட்டத்தரணியிடமும் கேட்கச் சொன்னேன். கேட்டார். பிறகு கட்டினார். சீட்டையும் பற்றுச்சீட்டையும் பிரதியெடுத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறார், அடுத்த விசா விண்ணப்பத்தில் கேட்டால் காட்டுவதற்கு.

வாப்பாவுக்கும் அவரே சொல்லிவிட்டார். ஏசுவார் என்று பயந்திருந்த பிள்ளைக்கு வாப்பா கேட்டது ஒன்றே: "ஏன் மகன் முதல்லயே சொல்லல்ல?" தூரத்திலிருக்கும் பிள்ளைகள் இப்படியான விடயங்களைப் பயமின்றிச் சொல்லும் அளவுக்கு வீட்டில் நாம் இடம் கொடுத்திருக்கிறோமா என்று பெற்றோராகிய நாமும் கேட்டுக்கொள்ள வேண்டும்.