ஜிம்மியை எங்கே கூட்டிக்கொண்டு போவது?

"மருந்து இருக்கட்டும்மா. தினம் எவ்வளவு தூரம் நடக்க வைக்கிறீங்க?" என்று நாய் டாக்டர் கேட்டதும் நான் மென்று விழுங்கினேன். மொட்டை மாடிக்கு இரண்டு தடவை ஏற்றி இறக்குவதோடு சரி என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

எங்கள் ஜிம்மி நாலு வயது லாப்ரடார். முன்னங்காலை ஓயாமல் நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொண்டிருந்தான். சோபாவின் ஒரு முனை, இவருடைய செருப்பு, தலையணை உறை என்று எதையும் விட்டுவைக்கவில்லை. எடையோ 41 கிலோ! டாக்டர் தோலைச் சுரண்டிப் பரிசோதித்துப் பார்த்துவிட்டு, "சொறியும் இல்லை, சிரங்கும் இல்லை. அதுக்குப் பொழுது போகலை, அவ்வளவுதான்" என்றார்.

நாயைக் கேட்டு வாங்கியவன் மகன். அவன் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போய்விட்டான். நாய் என் தலையில் விடிந்தது. (பல வீடுகளில் இதுதான் கதை என்று எனக்குத் தெரியும்!) சரி, இனி தினமும் கூட்டிப் போவோம் என்று மறுநாளே சங்கிலியை மாட்டிக்கொண்டு பக்கத்துப் பூங்காவுக்குக் கிளம்பினேன்.

வாசலிலேயே காவலாளி மறித்தார். "நாய் உள்ள வரக் கூடாதும்மா. போர்டு பாருங்க." பார்த்தேன். 'பூக்களைப் பறிக்காதீர்கள்', 'புல்தரையில் நடக்காதீர்கள்' இரண்டுக்கும் கீழே எங்கள் ஜிம்மிக்கும் ஒரு வரி இருந்தது. எனக்குக் கோபமான கோபம். வரி கட்டுகிறவள்தானே நானும்! வீட்டுக்கு வந்து இவரிடம் பொரிந்து தள்ளினேன். இவர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "ஆயிரம் விளக்குல நடந்தது ஞாபகம் இருக்கா?" என்றார்.

இருந்தது. 2024 மே மாதம், ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் கடித்துக் குதறின. அந்தப் பூங்காவின் காவலாளியுடைய மகள் அவள். எங்கள் பூங்காக் காவலாளி என்னை மறித்தபோது அவர் மனதில் எது ஓடியிருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. 'என் ஜிம்மி ஒண்ணும் செய்ய மாட்டான்' என்று நாம் எல்லோருமே சொல்கிறோம். எதிரே வரும் தாய்க்கு அது எப்படித் தெரியும்?

அதன் பிறகு எங்கே போகலாம் என்று தேடுவதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, எப்போது போகலாம் என்று யோசித்தேன். அங்கேதான் வழி திறந்தது. சென்னை மாதிரி ஊரில் நாய்க்கென்று இடம் கிடைப்பது அபூர்வம். ஆனால் எல்லோருக்குமான இடங்கள் காலியாக இருக்கும் நேரம் ஒன்று உண்டு. காலை ஐந்தரை மணி.

எங்கள் வீட்டிலிருந்து திருவான்மியூர் கடற்கரை நடந்து போகும் தூரம். ஐந்தரைக்கு அங்கே யோகாசனம் செய்கிற நாலு பேர், வலையைப் பிரிக்கிற மீனவர்கள், எங்களைப் போல நாயோடு வந்தவர்கள், அவ்வளவுதான். எலியட்ஸ் கடற்கரைக்கும் போவதுண்டு. அந்த வெள்ளை நினைவுச் சின்னம் இருக்கிறதே, 1930-ல் அலையில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட டென்மார்க் மாலுமி கார்ல் ஷ்மிட்டின் நினைவாகக் கட்டியது, அதன் பக்கம் விடிகாலையில் நாய்க்காரர்களின் ஒரு சின்ன மாநாடே நடக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், மாலை நேரம் வேண்டவே வேண்டாம். பஜ்ஜிக் கடையும் பலூனும் குழந்தைகளுமாக இருக்கும் கூட்டத்தில் 41 கிலோ நாயை இழுத்துக்கொண்டு போவது நமக்கும் தண்டனை, மற்றவர்களுக்கும் தண்டனை.

கடற்கரைக்கு நாயைக் கூட்டிப் போகிறவர்கள் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு அனுபவத்தில் வந்த பாடம் இது. மீனவர்கள் வலையிலிருந்து கழித்துப் போடும் மீன்களில் பேத்தை மீனும் இருக்கும். தொட்டால் பந்து மாதிரி உப்புமே, அதுதான். அதில் இருப்பது கொடிய விஷம். காய்ந்த கருவாடாகக் கிடந்தாலும் விஷம் போகாது. ஜிம்மி ஒரு நாள் அதைக் கவ்விக்கொண்டு ஓட, நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலேயே ஓடி வாயிலிருந்து பிடுங்கினேன். அன்றிலிருந்து சங்கிலியைக் கழற்றுவதே இல்லை. மணலில் தூண்டில் முள்ளும் கிடக்கும், பார்த்து நடத்துங்கள். கடல் தண்ணீரைக் குடிக்க விட்டால் வாந்தியும் பேதியும்தான் மிச்சம். அதனால் ஒரு பாட்டிலில் வீட்டுத் தண்ணீரும் பழைய கிண்ணமும் என் பையில் எப்போதும் இருக்கும். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் காலைக் கழுவி, விரல் இடுக்கை ஈரம் போகத் துடைத்துவிடுவேன்.

சங்கிலியைக் கழற்றாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். பேரே சொல்கிறதே! அலை வந்து தொடாத காய்ந்த மணலில் பள்ளம் தோண்டி நூறு முட்டைக்கு மேல் கூட இட்டுவிட்டுப் போய்விடும். அவிழ்த்துவிட்ட நாய் மோப்பம் பிடித்தால் ஒரு நிமிஷத்தில் அத்தனையும் போச்சு. 1988-லிருந்து மாணவர்கள் இரவெல்லாம் கரையோரம் நடந்து அந்த முட்டைகளைச் சேகரித்துக் குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். பெற்றவர்கள் வீட்டில் விழித்திருக்க, யார் வீட்டுப் பிள்ளைகளோ இப்படி நடக்கிறார்கள். நம் நாய் அதைக் கெடுக்கலாமா? ஆகவே அலையோரத்து ஈர மணல்தான் எங்கள் பாதை. காலுக்கும் குளிர்ச்சி.

இந்தக் குளிர்ச்சி விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நமக்கு வியர்க்கிற மாதிரி நாய்க்கு வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் உடம்புச் சூட்டை இறக்கும். சித்திரை வெயிலில் தார் ரோட்டில் சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட அதை நடக்க வைப்பது வெறுங்காலோடு தோசைக்கல்லில் ஏற்றுகிற மாதிரி. உங்கள் புறங்கையைத் தரையில் வைத்து ஏழு எண்ணுங்கள். பொறுக்க முடியவில்லையா? நாயும் பொறுக்காது, வீட்டுக்குத் திரும்புங்கள். கோடையில் நாங்கள் இரவு சாப்பாடு முடிந்து எட்டரைக்கு மேல்தான் இன்னொரு தடவை இறங்குகிறோம். நாய் விடாமல் இரைத்து, எச்சில் பிசினாக ஒழுகி, ஈறு செக்கச் சிவந்து, தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. நிழலில் கிடத்தி, சாதாரணத் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, விசிறியபடியே டாக்டரிடம் ஓட வேண்டும். ஐஸ் வைத்துக் காத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

வாயில் மாட்டும் கூடு வாங்குவதானால் கம்பிக் கூடை மாதிரி இருப்பதை வாங்குங்கள். அதை மாட்டினாலும் நாய் வாயைத் திறந்து இரைக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். துணியில் இறுக்கிக் கட்டுகிற வகை விலை குறைவுதான். ஆனால் நம் ஊர் வெயிலில் அதைக் கட்டி நடத்துவது ஆபத்து.

தெருவில் நடப்பது தனிக் கலை. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு நாலுகால் பேட்டை ரவுடி உண்டு. ஜிம்மியைப் பார்த்ததும் கும்பலாக வந்துவிடும். முதல் வாரம் நான் அழாத குறை. அப்புறம் எங்கள் தெருவில் பூ விற்கும் அக்கா சொல்லிக்கொடுத்தாள். "ஓடாதக்கா, கம்பை ஓங்காத, நீ பாட்டுக்கு மெதுவாப் போயிட்டே இரு. அதோட எல்லை தாண்டினா அதுவே நின்னுடும்." அப்படியே நடந்தது. காதில் சின்னதாக வெட்டு இருக்கும் தெருநாய்களைப் பார்த்திருப்பீர்கள்; கருத்தடை செய்து வெறிநோய் ஊசி போட்டதற்கு அது அடையாளம். அப்படிப்பட்ட நாய்கள் அதிகமுள்ள தெருக்களாகப் பார்த்து எங்கள் பாதையை அமைத்துக்கொண்டேன்.

வெளியுலகத்தைச் சமாளித்துவிட்டேன். எங்கள் ஃபிளாட்டைச் சமாளிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. 'நாய்கள் லிஃப்டில் வரக் கூடாது, தோட்டத்தில் விடக் கூடாது' என்று சங்கத்தில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். நாங்கள் இருப்பதோ நாலாவது மாடி. விசாரித்ததில் மத்திய அரசின் விலங்குகள் நல வாரியம் 2015-ல் ஒரு சுற்றறிக்கை விட்டிருப்பது தெரிந்தது. (1962-ல் ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில் நம் சென்னையில் தொடங்கிய வாரியம்தான்.) வீட்டு நாயை வளர்க்கக் கூடாது என்றோ லிஃப்டில் ஏற்றக் கூடாது என்றோ சங்கங்கள் தடை போட முடியாது, தோட்டத்துக்கு வேண்டுமானால் நேரம் குறித்துக்கொள்ளலாம் என்று அதில் இருக்கிறது. அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போர்க்கொடியோடு கூட்டத்துக்குப் போனேன்.

அங்கே முதல் மாடிப் பாட்டி பேசினார். எண்பதை நெருங்குகிறவர். "ஏம்மா, சட்டமெல்லாம் சரி. எனக்கு எட்டு வயசுல நாய் கடிச்சுது. தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி. ஒவ்வொரு நாளும் நாலு பேர் பிடிச்சுப்பாங்க. இன்னிக்கும் குரைச்சா எனக்கு வயிறு இழுக்குது. நான் என்ன செய்யட்டும்?"

கையிலிருந்த காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

(இந்த இடத்தில் ஒன்று. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்தை 2005 வாக்கில் நம் நாட்டில் நிறுத்தியாகிவிட்டது. இப்போது கையில் நாலைந்து ஊசிதான், அரசு மருத்துவமனையில் இலவசம். ஆழமான காயமென்றால் காயத்திலேயே இன்னொரு மருந்தும் போடுவார்கள். எந்த நாய் கடித்தாலும், வீட்டு நாயே கீறினாலும், முதல் வேலை குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுவது. மஞ்சள், மிளகாய்த் தூள், சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள். ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள். வெறிநோய் வந்துவிட்டால் பிழைக்க வைப்பது கிட்டத்தட்ட இயலாத காரியம்.)

கடைசியில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். தோட்டம் காலை ஐந்திலிருந்து ஆறு வரை ஜிம்மிக்கு. லிஃப்டில் யாராவது இருந்தால் நாங்கள் ஏற மாட்டோம், அடுத்த நடைக்குக் காத்திருப்போம். அசிங்கம் செய்தால் அந்த நிமிஷமே பழைய செய்தித்தாளில் அள்ளி எடுப்பது என் பொறுப்பு. பாட்டி பயப்படாமல் இருக்க ஜிம்மியின் கழுத்துப் பட்டையில் ஒரு சலங்கை மணியும் கட்டினேன். எங்கே இருக்கிறான் என்று அவருக்குக் கேட்குமே!

மாநகராட்சி உரிமத்தையும் வாங்கிவிட்டேன். இணையதளத்தில் விண்ணப்பித்து, வெறிநோய் ஊசிச் சான்றைக் காட்டினேன், கிடைத்தது. நான் கட்டிய பணம் 50 ரூபாய். 2025 கடைசியில் உரிமம் இல்லாதவர்களுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்ததும் எங்கும் ஒரே பரபரப்பு. எதற்கு வம்பு? அந்தச் சான்று வெளியூர் போகவும் உதவும். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் தனியார் நாய்ப் பூங்காக்கள் இருக்கின்றன. வேலி போட்ட மைதானம், சில இடங்களில் நீச்சல் குளம் கூட உண்டு. மாதம் ஒரு தடவை போகலாம், பர்ஸ் தாங்கும். ஆனால் உள்ளே விடுமுன் ஊசிச் சான்று கேட்காத இடத்துக்குள் நுழையவே நுழையாதீர்கள். நம்மிடம் கேட்காதவர்கள் மற்றவர்களிடம் மட்டும் கேட்டிருப்பார்களா?

பெங்களூரில் என் தங்கை வீட்டுக்குப் போனபோது கப்பன் பூங்காவில் ஜிம்மியை விட்டேன். நாய்களுக்கென்றே அங்கே ஓர் இடம் இருக்கிறது. 2022-ல் நாய்களை உள்ளே விடுவதைத் தடுக்கப் பார்த்தார்கள். நாய் வளர்ப்பவர்கள் சேர்ந்து பேச, யோசனையைக் கைவிட்டார்கள். ஹைதராபாதில் கொண்டாபூரில் 2018-லேயே மாநகராட்சி 1.3 ஏக்கரில் நாய்களுக்கென்று பூங்கா அமைத்தது. பொறாமையாகத்தான் இருக்கிறது! ரயிலில் கூட்டிப் போவதானால் முதல் வகுப்பு ஏ.சி.யில் முழு அறையும் நம் பேரில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் உள்ள கூண்டுதான். நாங்கள் காரிலேயே போய்விட்டோம்.

கிண்டி தேசியப் பூங்காவுக்குள் நாயை விட மாட்டார்கள். அதில் எனக்கு வருத்தமே இல்லை. நாய் துரத்தினால் மான் உயிர் பிழைப்பது கஷ்டம். நாய்களின் நோய் காட்டு மிருகங்களுக்கும் தொற்றும்.

கைக்குட்டி வளர்க்கும் இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. தடுப்பூசி வரிசை முடியுமுன், அதாவது சுமார் நாலு மாதம் வரை, குட்டியைப் பொது இடத்தில் தரையில் விடாதீர்கள். தூக்கிக்கொண்டு வேடிக்கை காட்டுங்கள், போதும். பெரிய நாயானால் வெளியே போய் வந்த ஒவ்வொரு தடவையும் காதுக்குள், விரல் இடுக்கில், வாலடியில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் வந்து ரத்தம் குறைந்து போன நாய்களை டாக்டர் வீட்டு வாசலில் எத்தனையோ பார்த்துவிட்டேன். மழை நாளில் தேங்கிய தண்ணீரை நக்க விடாதீர்கள். எலிக் காய்ச்சல் நாய்க்கும் வரும், நமக்கும் வரும்.

எட்டு மாதம் ஆகிறது. ஜிம்மி இப்போது 35 கிலோ. காலில் புண் ஆறி முடி முளைத்துவிட்டது. பத்து வருஷமாக டாக்டர் 'நடங்க, நடங்க' என்று சொல்லியும் அசையாத என் வீட்டுக்காரர், நான் ஒரு நாள் காய்ச்சலில் படுத்ததிலிருந்து சங்கிலியைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். அவருடைய சர்க்கரை அளவு பற்றி அவரே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் பட்டையைத் துவைத்துக் காயப் போட்டிருந்ததால் வேறு பட்டை மாட்டிக் கிளம்பினோம். திரும்பி வரும்போது முதல் மாடி ஜன்னல் திறந்தது. "ஏம்மா, இன்னிக்கு மணிச் சத்தத்தையே காணோமே... அதுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?"