மண் சுமக்கும் வண்டியைக் காப்பது எப்படி?

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் முன்னோர் மொழி. தேரோடும் வீதிகளை விட்டுப் பிழைப்பை நாடி மும்பை மாநகருக்கு வந்த நமக்கும் அது பொருந்தும். நம் சீத்தா கேம்ப்பில் சிலருடைய வீட்டில் அடுப்பு எரிவது, வாசலில் நிற்கும் சிறு சரக்கு வண்டியின் சக்கரம் சுழல்வதனாலேயே.

செம்பூர்ப் பக்கத்துக் குடியிருப்புச் சங்கங்களின் தோட்டங்களுக்கும் பள்ளி மைதானங்களுக்கும் செம்மண்ணும் எருவும் செடிகளும் கொண்டு செல்பவை இவ்வண்டிகள். வெட்டிய புல்லையும், மழைக்கு முன் கழித்த மரக்கிளைகளையும் வெளியேற்றுபவையும் இவையே. 2005ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனம் ஏஸ் என்னும் சிறு வண்டியை வெளியிட்டது. அதற்கு நகர மக்கள் சூட்டிய பெயர் ‘சோட்டா ஹாத்தி’. அந்தக் குட்டி யானை நோயுற்றால் குடும்பமே பட்டினி கிடக்க நேரும்.

நான் ஓர் இரயில்வே குமாஸ்தா, மெக்கானிக் அல்லன். ஆயினும் இதனை எழுதக் காரணம் உண்டு. என் மைத்துனர் இத்தகைய வண்டி ஒன்றைத் தவணையில் வாங்கித் தோட்ட வேலைக்கு ஓட்டி வருகிறார். ஒரு மே மாதத்தில், மெக்கானிக்குக் கொடுக்கும் கூலியை மிச்சப்படுத்த எண்ணி, பிரேக் குழாயைத் தாமே பார்க்க முற்பட்டார். நின்ற இடமோ புதிதாகக் கொட்டிய மண். ஜாக்கியை வைத்து வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு அடியில் நுழைந்தார். ஜாக்கி மண்ணில் புதைந்தது, வண்டி சரிந்தது. உடனிருந்த உதவியாள் கழற்றிய சக்கரத்தை வண்டியின் அடியில் தள்ளி வைத்திருந்தமையால் உயிர் தப்பினார். வலக்கை மணிக்கட்டு முறிந்தது. இரண்டு மாதம் வண்டி நின்றது, தவணை நிற்கவில்லை. என் தமக்கை காதுத் தோட்டை அடகு வைத்துத்தான் அக்கடனைக் கட்டினாள்.

சொந்தக் கையால் வேலை செய்வது நமக்குப் புதிதன்று. 1976ஆம் ஆண்டு, நெருக்கடி நிலைக் காலத்தில், பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் அருகிலிருந்த ஜனதா காலனி அகற்றப்பட்டு, நம் பெரியோர் இவ்விடத்தில் குடியமர்த்தப்பட்டனர். என் தந்தையார் அப்போது சிறுவர். சேற்று நிலத்தை மண்ணிட்டு உயர்த்தித் தம் கைகளாலேயே வீடு கட்டிக்கொண்டவர்கள் அவர்கள். ஆகவே கையை முடக்குக என்று நான் கூறவில்லை. எதில் கை வைக்கலாம், எதில் கூடாது என்று அறிந்துகொள்வோம் என்றே கூறுகிறேன்.

மாட்டுங்காவில் 1915ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் இரயில்வே பணிமனையை நம்மில் பலர் அறிவர். இரயில் பெட்டிகள் பழுதாகும் வரை காத்திராமல், குறித்த கால முறைப்படி அங்கு கொண்டுவரப்பட்டுப் பிரித்துச் செப்பனிடப்படுகின்றன. நம் சிறு வண்டிக்கும் அம்முறையே ஏற்றது.

நாள்தோறும் புறப்படுமுன் பத்து நிமிடம் ஒதுக்குக. வண்டி சமதளத்தில், இயந்திரம் குளிர்ந்திருக்கையில், அளவுகோலை உருவி எண்ணெய் மட்டத்தைப் பார்க்கவேண்டும். ரேடியேட்டர் நீரையும் அப்போதே காண்க. சூடாயிருக்கும்போது மூடியைத் திறத்தல் ஆகாது. உள்ளே அழுத்தத்தில் அடங்கியிருக்கும் கொதிநீர் முகத்தில் பாயும். தோட்ட வண்டிக்கு மற்றொரு தொல்லையும் உண்டு. காய்ந்த புல்லும் சருகும் ரேடியேட்டரின் முகப்பை அடைத்து இயந்திரத்தைச் சூடேற்றும். புகைக்குழாயின் மேல் படிந்தால் தீப்பற்றவும் கூடும். மென்மையான தூரிகையால் இவற்றை நீக்குவது எவரும் செய்யக்கூடிய வேலை.

வாரம் ஒருமுறை காற்று வடிகட்டியைக் கழற்றித் தூசியைத் தட்டுக. காகித வடிகட்டியை நீரில் கழுவலாகாது. கிழிந்திருந்தால் புதியது வாங்குக. பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெண்பச்சைப் படிவைச் சமையல் சோடா கரைத்த நீரால் துடைத்து, உலர்ந்த பின் வாசலின் தடவலாம். கழற்றும்போது எதிர்முனை முதலில். மாட்டும்போது அதுவே கடைசியில். பியூஸ் போனால் அதே அளவுள்ள பியூஸையே போடவேண்டும். கம்பியைச் சுற்றி ஓட்டுவது, வீட்டுக் கூரையின் கீழ் கொள்ளி வைப்பதற்கு ஒப்பாகும்.

சக்கரம் மாற்றுவதும் நம் கைவேலையே. கெட்டியான தரையில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்த பின்னரே ஜாக்கியைத் தொடுக. நட்டுகளை எதிரெதிராக முறுக்கி, சில கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் ஒருமுறை முறுக்கிப் பார்ப்பது நலம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் தலை நீட்டுதல் எக்காலத்தும் கூடாது.

சுமையிலும் கருத்து வேண்டும். ஈர மண் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய ஒன்றரை டன் எடை இருக்கும். வண்டியின் தொட்டி நிறைய அதனை ஏற்றினால் வில்லும் டயரும் தாங்கா. மாலையில் தொட்டியைக் கழுவி, எருவும் மண்ணும் தங்காமல் வடிகால் துளைகளைத் திறந்துவிடுக. கழிமுகத்தின் உப்புக் காற்றுடன் ஈர எருவும் சேர்ந்தால் தகடு விரைவில் துருவேறும்.

மழைக்காலத்துக்கு ஒரு சொல். 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததை மும்பை மறவாது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை உடனே கிளப்புவது பெருந்தவறு. இயந்திரத்தினுள் புகுந்த நீர் காற்றைப்போல் சுருங்காது. இணைப்புத் தண்டையே வளைத்துவிடும். சாவியைத் தொடாமல் பட்டறைக்கு இழுத்துச் செல்லுதலே சிக்கனம்.

இனி, நாம் தொடக்கூடாதவை: பிரேக், ஸ்டியரிங், எரிபொருள் பம்பு, சாய்த்துக் கொட்டும் தொட்டியின் எண்ணெய்க் குழாய்கள். இவற்றில் செய்யும் சிறு பிழையும் உயிரைக் குடிக்கும். தூக்கிய தொட்டியின் கீழ், அதற்கு உறுதியான முட்டு இல்லாமல், ஒருவரும் நிற்கவேண்டாம். இப்போது ஓடத் தொடங்கியிருக்கும் மின்சார வண்டிகளில் செம்மஞ்சள் நிற வடங்கள் உயர் மின்னழுத்தம் கொண்டவை. பயிற்சி பெற்றவர் அன்றிப் பிறர் அவற்றை அணுகலாகாது.

என் மைத்துனர் இன்று மீண்டும் வண்டி ஓட்டுகிறார். காலையில் அவர் எண்ணெய் பார்க்க, பள்ளிக்குப் புறப்படும் மகள் நோட்டுப் புத்தகத்தில் நாளும் கிலோமீட்டரும் குறிக்கிறாள். பிரேக் என்ற தலைப்பின் எதிரே மட்டும் அவள் எழுதியிருப்பது ஒன்றே: “அப்பா தொடக்கூடாது.” வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் தத்தம் இல்லத்திலும் இத்தகைய நோட்டு ஒன்றை இன்றே தொடங்குவார்களாக.