திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த வாத்தியக்காரர்கள்

வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் உற்சவத்தின்போது விடிய விடிய நடக்கும் கூத்தைப் பார்த்தவர்களுக்கு, களரியின் பின்புறத்தில் பெஞ்சு போட்டு அமர்ந்திருக்கும் வாத்தியக்காரர்களைப் பற்றி நான் விஸ்தாரமாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆர்மோனியப் பெட்டியும் மிருதங்கமும் முகவீணையும் தாளமுமாக இருக்கும் அந்த நாலைந்து பேரே கூத்தில் பாதி என்பது என் அபிப்பிராயம். துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று தன் பிரதாபத்தைப் பாடும்போது பின்பாட்டுப் பாடி அவனுக்கு மூச்சு வாங்க அவகாசம் கொடுப்பவர்களும் அவர்கள். அவன் திரையை விலக்கிக்கொண்டு பாய்ந்து வருகிற கணத்தில் அடியைத் துரிதப்படுத்தி, தாய் மடியில் தூங்கும் குழந்தைகளைக்கூட எழுப்பிவிடுபவர்களும் அவர்கள்தாம். காட்சிக்கு ஏற்ற நாதம் எது என்பதை இப்படித் தலைமுறை தலைமுறையாகக் காதால் அறிந்திருந்த தமிழ் ஜனங்களுக்கு முன்னால்தான், இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில், வாய் அசைந்தும் சப்தம் எழாத சலனப் படம் வந்து நின்றது.

அந்தப் படம் பிறந்த இடத்திலேயே சும்மா இருக்கவில்லை. 1895-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் பாரிஸ் நகரத்துக் காப்பிக்கடை ஒன்றின் அடித்தளத்தில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு முதல் முதலாகப் படம் காட்டியபோதே பக்கத்தில் ஒருவர் பியானோ வாசித்தார். இயந்திரத்தின் கடகடப்பை மறைப்பதற்காக என்று சிலர் சொல்வார்கள். சப்தமே இல்லாமல் மனிதர்கள் நடமாடுவதைப் பார்ப்பதில் ஒருவித அச்சம் உண்டு என்பதும் காரணமாக இருக்கலாம்.

தென்னாட்டு ஊர்களில் அது பரவிய கதை ருசிகரமானது. திருச்சியில் ரயில்வே உத்தியோகத்தில் வரைபடக்காரராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் அவ்வூருக்கு வந்திருந்த துய்போன் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, உத்தியோகத்தை உதறிவிட்டு, கூடாரம் அடித்து ஊர் ஊராகக் காட்டிவந்தார். பிறகு 1914-இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிலையான கொட்டகையையும் கட்டினார். சென்னை மவுண்ட் ரோடில் எலெக்ட்ரிக் தியேட்டரும், அதை அடுத்து ரகுபதி வெங்கையாவின் கெயிட்டி தியேட்டரும் தோன்றியதும் இதே காலத்தில்தான். இக்கொட்டகைகளில் படத்தின் நடுவே வரும் எழுத்துகளை வாசிக்கத் தெரியாதவர்களே அதிகமாதலால், திரைக்கு அருகில் ஒருவர் நின்று கதையை உரத்த குரலில் சொல்லிக்கொண்டே போவார். சண்டைக் கட்டம் வந்துவிட்டால் கதாநாயகனுக்குப் பதிலாக அவரே கர்ஜிப்பார். கூத்தின் கட்டியங்காரன்தான் வேஷம் கலைத்து வந்து நிற்கிறானோ என்று எண்ணத் தோன்றும்.

அவருக்குத் துணை பெட்டிக்காரரும் தபலாக்காரரும். பெட்டிக்காரருக்கு முன்னால் எழுதி வைத்த சங்கீதம் எதுவும் கிடையாது. இடது கை துருத்தியிலும், வலது கை கட்டைகளிலும், கண் திரையிலுமாக, அடுத்து என்ன வரப்போகிறதோ என்று அறியாமலே அவர் வாசிக்க வேண்டும். சோகத்துக்கு முகாரி, ரௌத்திரத்துக்கு அடாணா என்ற கணக்கு நாடக மேடையில் ஏற்கெனவே கைக்குப் பழகியிருந்தது. ஏறக்குறைய கால் மணிக்கு ஒரு சுருள் தீர்ந்து, ஒரே கருவி உள்ள கொட்டகையில் அடுத்த சுருளை மாட்டும் வரையில் இருட்டில் உட்கார்ந்திருக்கும் ஜனங்களைச் சமாளிப்பதும் இவர்கள் தலையில்தான் விழுந்தது.

மேல்நாட்டார் இதையே சாஸ்திரமாக்கிவிட்டார்கள். 1908-இல் ஸேன்-ஸான்ஸ் என்ற பிரெஞ்சு இசை மேதை ஒரு படத்துக்கென்றே தனியாகச் சங்கீதம் அமைத்தார். மறு வருஷமே எடிசன் கம்பெனி எந்தக் காட்சிக்கு எதை வாசிக்கலாம் என்று யோசனைக் குறிப்புகளை அச்சிட்டது. 1924-இல் எர்னோ ராப்பே என்பவர், துரத்தல், துக்கம், புயல் என்று பாவங்களை வகைப்படுத்தி ஒரு பெரும் தொகுப்பையே வெளியிட்டார். மேளம் அடிப்பவர் கொட்டாங்குச்சிகளைத் தட்டிக் குதிரைக் குளம்போசையையும் எழுப்பினார். பிற்காலத்தில் ஸ்டூடியோக்களில் காலடியோசைக்கும் கதவோசைக்கும் தனி நிபுணர்கள் ஏற்பட்டார்கள் என்றால், அந்த வித்தையின் மூலபுருஷர் இந்த மேளக்காரர்தான்.

இதில் விசித்திரம் என்னவென்றால், படம் பேச ஆரம்பித்ததும் காட்சிக்கு அடியில் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருந்த இந்தச் சங்கீதம் சில காலம் அடியோடு மறைந்துவிட்டது. தனித்தனியே பதிவு செய்த சப்தங்களைப் பிறகு ஒன்றாகக் கலக்கும் வித்தை அப்போது கைவரவில்லை. மைக்குக்கு எட்டியது எதுவோ அதுவே படத்தில் ஏறும். 1931-இல் பம்பாயில் தயாராகி, டி. பி. ராஜலக்ஷ்மி நடித்து, அந்த வருஷம் அக்டோபர் கடைசியில் சென்னையில் வெளிவந்த 'காளிதாஸ்' முதற்கொண்டு நம் ஆரம்பப் பேசும் படங்கள் பலவற்றில், நடிகர் காமிராவுக்கு எதிரே நின்று பாட, பெட்டியும் தபலாவும் படத்தில் விழாதபடி அருகே மறைந்திருந்து வாசிக்கும். ஒருவர் தாளம் தப்பினாலும், எங்கோ ஒரு காக்கை கரைந்தாலும், பாட்டு முழுவதையும் மறுபடி எடுக்க வேண்டும். திரைக்கு முன்னால் இருந்த கோஷ்டி காமிராவுக்குப் பின்னால் இடம் மாறியது, அவ்வளவே. கதை சொன்ன மனிதருக்கோ அந்த இடமும் இல்லாமல் போயிற்று.

அந்தக் காலத்தில் நம் படங்களை ஆண்டது நாடக மேடை. சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் புதுச்சேரியில் உயிர் நீத்தபோது தமிழ்ப் படம் பேசத் தொடங்கியிருக்கவில்லை. ஆனால் அவர் வளர்த்த நாடகச் சம்பிரதாயத்தில் தேர்ந்த நடிகர்களும் பாட்டு வாத்தியார்களும்தான் பின்னால் ஸ்டூடியோக்களை நிறைத்தார்கள். ஆகவே பாட்டு, பாட்டு, மேலும் பாட்டு. இரண்டு பாட்டுகளுக்கு நடுவே வெறும் வசனம். பாட்டின் பெருமையைக் குறைப்பது என் நோக்கமன்று. ஆயினும் ஊமைப் படக் கொட்டகையில் முகம் தெரியாத பெட்டிக்காரர் ஒருவர் காட்சியின் போக்கைப் பார்த்துப் பார்த்துச் செய்துவந்த நுட்பமான காரியம் இந்தப் பாட்டு வெள்ளத்தில் முழுகிப்போனது நஷ்டம் என்றே நினைக்கிறேன்.

அது மீண்டும் தலைதூக்க யந்திரம் வழிவிட வேண்டியிருந்தது. 1934-இல் ஏ. நாராயணன் சென்னையில் ஸ்ரீனிவாஸா ஸினிடோனைத் தொடங்க, அவர் மனைவி மீனாக்ஷியே அங்கே ஒலிப்பதிவைக் கவனித்தார். ஒரு பெண்மணி அந்தத் தொழிலில் இறங்கியது அன்றைக்கு அபூர்வம். 1938-இல் ஏ. வி. மெய்யப்பனின் 'நந்தகுமார்' தமிழில் பின்னணிப் பாட்டு முறையைத் தொடங்கிவைத்தது. குரலைத் தனியே பிடித்துப் பின்னர் படத்தோடு இணைக்க முடியும் என்று ஆனபின், வாத்தியங்களையும் தனியே பிடித்து வசனத்துக்கு அடியில் மெல்ல ஓடவிடத் தடையில்லை. 1948-இல் ஜெமினி வாசன் தயாரித்த 'சந்திரலேகா'வில், பாட்டுகளுக்கு எஸ். ராஜேஸ்வர ராவ் இருக்க, பின்னணி சங்கீதத்தை எம். டி. பார்த்தசாரதி கவனித்துக்கொண்டார். பாட்டு வேறு, காட்சிக்கு வாசிப்பது வேறு என்று வேலையைப் பிரித்துக் கொடுக்கும் அளவுக்கு அதற்குள் ஸ்டூடியோ வளர்ந்துவிட்டிருந்தது.