கலகலப்பு வேறு, கண்ணீர் வேறு, கரிசனம் வேறு

கல்யாண வீட்டில் எல்லோரிடமும் வலியப் போய்ப் பேசி, பந்தியில் நின்று பரிமாறி, கிளம்பும்போது கண் கலங்குகிறவரைப் பாசக்காரர் என்கிறோம். அதே மண்டபத்தில் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி, சாப்பிட்டு எழுந்து போகிறவருக்கு அழுத்தக்காரர், யாரோடும் ஒட்டாதவர் என்று பெயர் வைத்துவிடுகிறோம். இந்த இரண்டு தீர்ப்புகளுக்குள்ளும் மூன்று விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒருவர் மனிதர்களின் கூட்டத்தை எவ்வளவு நாடுகிறார் என்பது ஒன்று. அவர் மனம் எவ்வளவு எளிதில் கலங்குகிறது என்பது இன்னொன்று. முடிவெடுக்கும்போது அடுத்தவர் நலனுக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறார் என்பது மூன்றாவது. இன்ட்ரோவர்ட், எக்ஸ்ட்ரோவர்ட், ஃபீலிங் டைப் போன்ற சொற்கள் இன்று இன்ஸ்டாகிராம் அறிமுக வரியிலிருந்து அலுவலகப் பயிற்சி வகுப்பு வரை புழங்குகின்றன. இந்தக் கலப்பைப் பிரித்துக் காட்ட உதவக்கூடிய சொற்கள் அவை. ஆனால் நாம் அவற்றைக் கையாளும் விதத்தில் பழைய குழப்பமே அறிவியல் பெயரோடு திரும்பி வருகிறது. ஒருவரின் கலகலப்பை வைத்து அவருடைய மனக்கலக்கத்தையும் கரிசனத்தையும் கணிக்க முடியாது என்பதுதான் நூறாண்டுக்கால ஆய்வுகள் நமக்குச் சொல்லும் முக்கியமான செய்தி.

அகமுகம் (இன்ட்ரோவர்ட்), புறமுகம் (எக்ஸ்ட்ரோவர்ட்) என்ற பிரிவைப் பரவச் செய்தவர் சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் கார்ல் குஸ்தாவ் யுங். 1913-இல் மியூனிக் நகரில் நடந்த உளப்பகுப்பாய்வு மாநாட்டில் இதைப் பற்றி உரையாற்றிய அவர், 1921-இல் ‘உளவியல் வகைகள்’ என்ற பெரிய நூலில் அதை விரித்து எழுதினார். உளப்பகுப்பாய்வு முன்னோடிகளான சிக்மண்ட் ஃப்ராய்டும் ஆல்ஃபிரட் அட்லரும் ஒரே மாதிரியான நோயாளிகளைப் பார்த்து முற்றிலும் வேறான விளக்கங்களைத் தந்தது ஏன் என்ற கேள்வி அவரை நெடுநாள் குடைந்தது. பார்க்கிறவரின் மனம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதே வேறுபாட்டுக்குக் காரணம் என்று அவர் முடிவு செய்தார். வெளியிலுள்ள ஆட்களையும் பொருள்களையும் நோக்கி ஆர்வம் இயல்பாகப் பாய்ந்தால் அது புறமுகம். தனக்குள் எழும் எண்ணங்களையும் பதிவுகளையும் நோக்கிப் பாய்ந்தால் அது அகமுகம். பேச்சு கூடுவதும் குறைவதும் இதன் விளைவாக வரலாம், ஆனால் இலக்கணம் அதுவல்ல. முழுக்க ஒரு பக்கமே சாய்ந்த மனிதர்கள் அரிது, நடுவில் இருப்பவர்களே அதிகம் என்பதையும் யுங் அறிந்தே இருந்தார். பின்னால் வந்தவர்கள் முதலில் மறந்தது இதைத்தான்.

அதே நூலில் மனம் செயல்படும் நான்கு வழிகளை அவர் வகுத்தார்: சிந்தனை, உணர்வு, புலனறிவு, உள்ளுணர்வு. இவற்றுள் மிகத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது உணர்வு (ஃபீலிங்). அழுகை, கோபம், பரவசம் போன்ற கொந்தளிப்புகளை யுங் இந்தப் பெயரால் குறிக்கவில்லை. ஒன்று நமக்கு எவ்வளவு மதிப்புடையது, ஏற்கத்தக்கதா, தள்ளத்தக்கதா என்று எடைபோடும் செயலைத்தான் அவர் உணர்வு என்றார். ஆகவே சிந்தனையைப் போலவே உணர்வையும் அறிவார்ந்த செயல்களின் வரிசையில் வைத்தார். பூர்விக வீட்டை விற்பதா வேண்டாமா என்று ஒரு குடும்பம் யோசிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்திரம் சரியாக இருக்கிறதா, சந்தை விலை என்ன, கடனுக்கு எவ்வளவு வட்டி ஏறுகிறது என்று கணக்குப் பார்ப்பது சிந்தனை. விற்றால் அங்கே தனியாக இருக்கும் பெரியம்மா எங்கே போவார், வாக்குக் கொடுத்த பிறகு பின்வாங்குவது முறையா என்று பார்ப்பது உணர்வு. இரண்டுக்கும் ஒழுங்கு வேண்டும், இரண்டையும் நிதானமாகச் செய்யலாம். வீட்டை நினைத்து அழுவது இரண்டிலும் சேராது, கணக்குப் பார்த்தவரும் அழலாம். இந்த உணர்வு அகமுகமாகத் திரும்பியவர்களைப் பற்றி யுங் எழுதியது நம் மண்டபத்து நாற்காலிக்காரருக்கு அப்படியே பொருந்துகிறது. வெளியிலிருந்து பார்த்தால் அவர்கள் குளிர்ந்தவர்களாகவும் எட்ட நிற்பவர்களாகவும் தெரிவார்கள், உள்ளே பற்று ஆழமாக ஓடும் என்றார் அவர்.

யுங்கின் நூல் 1923-இல் ஆங்கிலத்தில் வந்தபோது அதை ஆர்வத்தோடு படித்தவர்களுள் ஒருவர் அமெரிக்கப் பெண்மணி கேத்தரின் பிரிக்ஸ். அவருடைய மகள் இசபெல் மயர்ஸ், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்தக் கருத்துகளைக் கேள்வித்தாளாக மாற்றும் வேலையில் இறங்கினார். இருவருமே உளவியலில் முறையான பயிற்சி பெற்றவர்கள் அல்லர். அவர்கள் உருவாக்கிய எம்.பி.டி.ஐ. (மயர்ஸ்-பிரிக்ஸ் டைப் இண்டிகேட்டர்) சோதனை நான்கு எழுத்துகளால் ஆன 16 வகைகளாக மனிதர்களைப் பிரிக்கிறது. உலகெங்கும் நிறுவனங்கள் காசு கொடுத்து அதை வாங்குகின்றன, இணையத்தில் அதன் சாயல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இதன் பெரிய பலவீனம், ஒவ்வொரு எழுத்துக்கும் உரிய அளவின் நடுவில் கோடு போடுவது. அகமுகம்-புறமுகம் மதிப்பெண்களை வரைபடமாக்கினால் இரண்டு குன்றுகள் வருவதில்லை. உயரத்தைப் போல, நடுவில் குவிந்து இருபுறமும் சரியும் ஒரே குன்றுதான் வருகிறது. கோட்டுக்குச் சற்று இப்பால் இருப்பவரும் அப்பால் இருப்பவரும் ஏறக்குறைய ஒரே மாதிரியானவர்கள், ஆனால் சோதனை அவர்களுக்கு எதிரெதிர் எழுத்துகளைக் கொடுக்கிறது. சில வாரங்கள் கழித்து மறுபடி எழுதினால் கணிசமானவர்களுக்கு வேறு வகை வருவதற்கும் இதுவே முக்கியக் காரணம்.

“எனக்கு வந்த விவரணை அச்சு அசலாகப் பொருந்துகிறதே” என்று பலர் சொல்வார்கள். பொருந்துவதாகத் தோன்றுவது மட்டும் சான்றாகாது என்பதை 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் காட்டினார். தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்து, ஒவ்வொருவரிடமும் “இது உன் ஆளுமை” என்று ஒரு தாளைக் கொடுத்தார். எவ்வளவு சரியாக இருக்கிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னதில் சராசரி 4.26 வந்தது. எல்லோருக்கும் கொடுக்கப்பட்டது ஒரே தாள். அதிலிருந்த வாக்கியங்கள் கடையில் வாங்கிய சோதிடப் புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டவை. சில நேரம் நம்பிக்கையோடு இருப்பீர்கள், சில நேரம் தயங்குவீர்கள் என்கிற பாணி வரிகள் யாருக்குத்தான் பொருந்தாது?

அப்படியானால் எல்லாமே ஜோசியம்தான், தூக்கிப் போட்டுவிடலாம் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அது அவசர முடிவு. 1989-இல் ராபர்ட் மெக்ரே, பால் கோஸ்டா என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் எம்.பி.டி.ஐ.-யை இன்றைய ஆளுமை ஆய்வில் அதிகம் ஏற்கப்பட்ட ஐந்து காரணிக் கோட்பாட்டோடு ஒப்பிட்டார்கள். புறமுகம், இணக்கம், பொறுப்புணர்வு, புதுமை நாட்டம், மனக்கலக்கம் என்பவை அந்த ஐந்து. மனிதர்கள் 16 தனித்தனிப் பெட்டிகளில் இருக்கிறார்கள் என்பதற்கு அவர்களுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் எம்.பி.டி.ஐ.-யின் நான்கு அளவுகளும் ஐந்தில் நான்கோடு தொடர்பு காட்டின. அதன் அகமுகம்-புறமுகம் அளவு புறமுகத்தோடு மிக நெருக்கமாக ஒத்துப்போனது. சிந்தனை-உணர்வு அளவு, அடுத்தவர்மீது கரிசனம் காட்டும் இணக்கத்தோடு மிதமாக ஒத்துப்போனது. ஐந்தாவதான மனக்கலக்கத்துக்கு மட்டும் எம்.பி.டி.ஐ.-யில் இடமே இல்லை. கவலை, பதற்றம், சட்டென்று உடைந்துபோவது ஆகியவற்றை அளப்பது அதுதான். எனவே ‘ஃபீலிங் டைப்’ என்று வந்துவிட்டால் தான் எளிதில் உணர்ச்சிவசப்படுகிறவர் என்று ஒருவர் எடுத்துக்கொள்வது, அந்தச் சோதனை அளக்காத ஒன்றை அதன்மேல் ஏற்றுவதாகும். கலகலப்பு ஓர் அளவுகோலிலும் கண்ணீர் இன்னொன்றிலும் கரிசனம் மூன்றாவதிலும் ஏறி இறங்குகின்றன. இவற்றுக்கிடையே சிறு உறவுகள் உண்டு என்றாலும், ஒன்றைப் பார்த்து மற்றதைத் தீர்மானிக்கிற அளவுக்கு அவை வலுவானவை அல்ல.

கலகலப்பு எங்கிருந்து வருகிறது என்பதற்கும் ஓரளவு விடை உண்டு. இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி, புறமுகத்தில் மனிதர்களிடையே காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி மரபணு வேறுபாடுகளால் வருவது. பிரிட்டனில் பணியாற்றிய உளவியலாளர் ஹான்ஸ் ஐசன்க், அகமுகர்களின் மூளை இயல்பிலேயே கூடுதல் விழிப்பில் இருப்பதால் கொஞ்சம் சத்தமும் கொஞ்சம் கூட்டமுமே அவர்களுக்குப் போதுமாகிவிடுகிறது என்று 1967-இல் விளக்கினார். பின்வந்த ஆய்வுகள் இதில் ஒரு பகுதியை மட்டுமே உறுதி செய்தன. பாராட்டு, வெற்றி, புது அறிமுகம் போன்ற வெகுமதிகளை நோக்கிப் புறமுகர்கள் கூடுதலாக ஈர்க்கப்படுகிறார்கள் என்ற விளக்கத்துக்கு இன்று செல்வாக்கு அதிகம். கூச்சம் இதில் சேராது. ஜொனதன் சீக், ஆர்னால்ட் பஸ் இருவரும் 1981-இல் வெளியிட்ட ஆய்வில், கூச்சத்தையும் பழகும் விருப்பத்தையும் தனித்தனியாக அளந்து, முன்பின் தெரியாதவர்களைப் பேச வைத்துப் பார்த்தார்கள். அதிகம் தவித்தவர்கள், பழக ஆசை நிறைய இருந்தும் கூச்சம் உள்ளவர்கள். தனியாக இருப்பதை விரும்புகிறவர் கூட்டத்தைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. கூச்சப்படுகிறவர் தனிமையை விரும்பாமலும் இருக்கலாம்.

உணர்வால் முடிவெடுப்பது பலவீனம், நிர்வாகத்துக்கும் நீதிக்கும் சிந்தனைதான் வேண்டும் என்பது அடுத்த ஆட்சேபம். நரம்பியல் மருத்துவர் அந்தோனியோ டமாசியோ 1994-இல் எழுதிய ‘டெகார்ட்டின் பிழை’ என்ற நூலில் எலியட் என்ற மாற்றுப்பெயரில் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறார். மூளையின் முன்பகுதியில் வளர்ந்த கட்டியை அகற்றிய பிறகு, புத்திக்கூர்மைச் சோதனையிலும் நினைவாற்றலிலும் எலியட்டுக்கு எந்தக் குறையும் இல்லை. கோரமான படங்களைக் காட்டினாலும் மனம் அசையாத நிலைக்கு மட்டும் அவர் போயிருந்தார். உணர்ச்சி இல்லாத மனிதர் மிகச் சிறப்பாக முடிவெடுப்பார் என்றுதானே எதிர்பார்ப்போம்? நடந்தது நேர்மாறு. எத்தனை வழிகள் உண்டு என்று வரிசையாக அடுக்குவார், எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்க மாட்டார். வேலை போனது, தொழில் நொடித்தது, குடும்பம் கலைந்தது. ஒரு நோயாளியின் கதையை வைத்து எல்லாவற்றையும் நிறுவிவிட முடியாது. ஆனால் எது முக்கியம் என்று எடைபோடும் திறன் அற்றுப்போனால் கணக்கு மட்டும் நம்மைக் கரை சேர்க்காது என்பதை அது வலுவாகக் காட்டுகிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எம்.பி.டி.ஐ.-யின் நான்கு அளவுகளில் ஆண், பெண் வேறுபாடு தெளிவாகத் தெரிவது சிந்தனை-உணர்வில்தான். அமெரிக்காவில் பெண்களில் பெரும்பாலோர் உணர்வுப் பக்கமும், ஆண்களில் பாதிக்குமேல் சிந்தனைப் பக்கமும் விழுகிறார்கள். இதில் எவ்வளவு இயல்பு, எவ்வளவு வளர்ப்பு என்பதைக் கேள்வித்தாள் பிரித்துச் சொல்லாது. அப்படியிருக்க, உணர்வைத் தாழ்த்திப் பேசுவது பெண்களின் முடிவுகளைத் தாழ்த்திப் பேசுவதாக எளிதில் மாறிவிடும்.

புறமுகமாக நடந்துகொண்டால் மகிழ்ச்சி கூடும் என்று ஆய்வுகளே சொல்கின்றனவே, அகமுகர்களைப் பயிற்சியால் மாற்றினால் என்ன என்று கேட்கலாம். வில்லியம் ஃப்ளீசனும் சக ஆய்வாளர்களும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், துடிப்போடு பேசிப் பழகும் நேரங்களில் அகமுகர்களும் கூடுதல் உற்சாகத்தை உணர்ந்தது உண்மை. ஆனால் 2019-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலியச் சோதனை, ஒரு வாரம் முழுக்கப் புறமுகமாக நடக்கும்படி சிலரைக் கேட்டுக்கொண்டது. பொதுவாகப் பலன் இருந்தாலும், அதிக அகமுகம் உள்ளவர்களுக்கு அந்தப் பலன் குறைந்தது, களைப்பும் தாம் தாமாக இல்லை என்ற எண்ணமும் கூடின. அளவாகப் பழகுவது யாருக்கும் நல்லது. ஆனால் ஒருவரின் அளவை இன்னொருவரின் தேவையைக் கொண்டு நிர்ணயிக்க முடியாது.

இவையெல்லாம் மேற்கத்திய அளவுகோல்கள், நமக்கு எப்படிப் பொருந்தும் என்பது நியாயமான கேள்வி. பொலிவியக் காட்டுப் பகுதியில் வாழும் சிமானே மக்களிடம் ஐந்து காரணிகளும் எதிர்பார்த்தபடி பிரிந்து வரவில்லை என்று 2013-இல் ஓர் ஆய்வு வெளியானது. நம் வீடுகளில் மாமனார் முன்னால் மருமகள் பேசாதிருப்பதும், மேலதிகாரி முன்னால் இளைய ஊழியர் வாய் திறக்காதிருப்பதும் மரியாதையாகவோ பயமாகவோ இருக்கலாம். அங்கே காண்பது இடத்தின் விதி, மனத்தின் சாய்வு அல்ல. அதே மருமகள் தோழிகளோடு எப்படி இருக்கிறார் என்று தெரியாமல் அவரை அகமுகர் என்பது தவறு. எனினும் இந்த ஆட்சேபம் என் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. வெளியே தெரியும் பேச்சு, உள்ளே இருப்பதன் நம்பகமான அடையாளம் இல்லை என்றுதான் அதுவும் சொல்கிறது.

ஆளுமைச் சோதனை எழுதிப் பார்ப்பதில் தப்பில்லை, பேச்சைத் தொடங்க அது நல்ல சாக்கு. ஆள் எடுக்கும் முடிவுக்கு எம்.பி.டி.ஐ.-யைப் பயன்படுத்துவது முறையல்ல என்று அதைப் பராமரிக்கும் அமைப்பே சொல்கிறது. ஆனால் பெண் பார்க்கும் இடத்திலும் நேர்முகத் தேர்விலும் வகுப்பறையிலும் நாம் எழுத்துகள் இல்லாமலேயே அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறோம்: பேசுகிற பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை, சிரித்துப் பேசும் மாப்பிள்ளை தங்கமான மாப்பிள்ளை. ஒருவரைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். எவ்வளவு கூட்டம் இவருக்குப் போதும்? இடி விழுந்தால் இவர் எப்படித் தாங்குவார்? தன் லாபமும் பிறர் நலமும் மோதும்போது எதன் பக்கம் நிற்பார்? முதல் கேள்விக்கான விடை ஒரு மாலை நேரத்திலேயே ஓரளவு கிடைத்துவிடும். மற்ற இரண்டுக்கும் பழக்கமும் காலமும் வேண்டும், அவை கிடைக்கும்வரை தீர்ப்பைத் தள்ளிவைப்பதுதான் நேர்மை.