இருசக்கர வாகனச் சக்கரத் தாங்கிகளின் முன்கூட்டிய சிதைவு: மதுரை நகரையும் சுற்றுச் சமவெளியையும் முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

மோட்டார் சைக்கிளின் சக்கரக் குடத்தில் பொருத்தப்படும் பந்துத் தாங்கிகள், கணக்கின்படி பல்லாண்டுகள் உழைக்க வல்லவை. ஆயினும் அவை சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் பழுதடைவதும், மாற்றிப் பொருத்திய புதிய தாங்கியும் அதே வேகத்தில் பழுதடைவதும் பட்டறைகளில் காணக்கூடியவை. இச்சிதைவுக்கான காரணங்களை மதுரைப் பகுதியின் மண், நீர், சுமை ஆகியவற்றோடும் பொருத்தும் முறையோடும் இணைத்து இக்கட்டுரை விளக்குகிறது. கழற்றிய தாங்கியை ஆராயாமல் புதியதைப் பொருத்துவது, பழுதைத் தீர்ப்பதாகாது. அதைத் தள்ளிப்போடுவதே ஆகும் என்பது இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

திறவுச் சொற்கள்: பந்துத் தாங்கி, சக்கரக் குடம், இடைக்குழல், சுமை, உயவு, மதுரை.

முன்னுரை

சக்கரமும் அச்சும் கூடுமிடம் வண்டியின் நலிவான இடம் என்பதைத் தமிழர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். உப்பு வணிகர் தம் வண்டியின் அடியில் சேமஅச்சு ஒன்றைக் கட்டிச் சென்ற வழக்கத்தைப் புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் உவமையாக்கியுள்ளார். மாட்டுவண்டியில் அச்சும் குடமும் நேரடியாக உராய்ந்தன. மசகு ஒன்றே உராய்வைத் தணித்தது. இன்றைய மோட்டார் சைக்கிளில் அச்சு சுழல்வதில்லை. அச்சுக்கும் குடத்துக்கும் இடையே எஃகுக் குண்டுகள் உருள்கின்றன. வழுக்கு உராய்வு உருள் உராய்வாக மாறியதால் தேய்மானம் பெரிதும் குறைந்தது.

பாடநூல்கள் 'பந்துத் தாங்கி' என்றும் பட்டறைகள் 'பேரிங்' என்றும் குறிக்கும் இவ்வுறுப்பு, கண்ணுக்குப் புலப்படாமல் குடத்துக்குள் அமைந்திருப்பது. இது முற்றிலும் சிதையும்போது சக்கரம் ஆடும். கூண்டு உடைந்தால் ஓட்டத்தின் நடுவே சக்கரம் இறுகவும் கூடும். எனவே இது செலவு பற்றிய செய்தி மட்டுமன்று. ஓட்டுநரின் உயிர் பற்றியதும் ஆகும்.

தாங்கியின் அமைப்பும் எண்குறியும்

ஒரு பந்துத் தாங்கியில் உள்வளையம், வெளிவளையம், எஃகுக் குண்டுகள், குண்டுகளை இடைவெளியோடு நிறுத்தும் கூண்டு ஆகிய நான்கும் இன்றியமையாத உறுப்புகள். வளையங்களும் குண்டுகளும் ஏறத்தாழ 1 விழுக்காடு கரியும் 1.5 விழுக்காடு குரோமியமும் கலந்த எஃகால் ஆனவை. பக்கவாட்டில் உலோக மூடியோ ரப்பர் மூடியோ அமைந்து, உள்ளிருக்கும் கிரீஸைக் காக்கும்.

தாங்கியின் மீது பொறிக்கப்பட்டுள்ள எண் ஒரு குறியீடாகும். 6301 என்பதில் 63 என்பது வகையையும் அளவுத் தொடரையும் குறிக்கும். 01 என்பது 12 மி.மீ. உள்விட்டத்தைக் குறிக்கும். இதன் வெளிவிட்டம் 37 மி.மீ., அகலம் 12 மி.மீ. 6202 என்பதன் உள்விட்டம் 15 மி.மீ., வெளிவிட்டம் 35 மி.மீ., அகலம் 11 மி.மீ. எண்ணைத் தொடரும் 2ஆர்எஸ் என்ற குறி இருபுறமும் ரப்பர் மூடி உண்டென்பதையும், சி3 என்ற குறி உள்ளிடைவெளி இயல்பினும் மிகுதி என்பதையும் உணர்த்தும். எண் பொருந்தி மூடிவகை மாறிய தாங்கி குடத்துக்குள் சரியாக அமர்ந்துவிடும். ஆனால் புழுதியையும் நீரையும் தடுக்கும் திறனில் மாறுபடும்.

கணக்கிட்ட ஆயுளும் நடைமுறை ஆயுளும்

தாங்கியின் ஆயுளைக் கணக்கிடும் முறையை ஐஎஸ்ஓ 281 என்னும் பன்னாட்டுத் தரம் வகுத்துள்ளது. தாங்கியின் இயங்கு தாங்குதிறனைச் சுமையால் வகுத்து, ஈவை மும்முறை பெருக்கினால் ஆயுள் பத்து இலட்சம் சுற்றுகளின் மடங்காகக் கிடைக்கும். நூற்றில் தொண்ணூறு தாங்கிகள் இவ்வாயுளை எட்டும் என்பது இதன் பொருள்.

எடுத்துக்காட்டாக, இருவர் அமர்ந்த சிறு மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தில் 160 கிலோ எடை இறங்குவதாகக் கொள்வோமாயின், இரு தாங்கிகளில் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 800 நியூட்டன் சுமை வரும். பள்ளம் மேடுகளின் அதிர்வுக்காக இதனை இரண்டரை மடங்காக்கி 2000 நியூட்டன் எனக் கொள்ளலாம். 6301 தாங்கியின் தாங்குதிறன் ஏறத்தாழ 10,000 நியூட்டன். ஈவு 5, அதன் மும்மடிப் பெருக்கம் 125. எனவே ஆயுள் 12.5 கோடிச் சுற்றுகள். சக்கரத்தின் சுற்றளவு 1.88 மீட்டர் எனில், இது 2,35,000 கி.மீ. ஆகும்.

வேகமும் இங்குக் காரணமாகாது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 530 முறையே சுழல்கிறது. இவ்வளவுத் தாங்கிகள் நிமிடத்திற்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுகளைத் தாங்குபவை. ஆகவே 5,000 அல்லது 10,000 கி.மீ. தொலைவில் சிதைந்த தாங்கி 'தேய்ந்து முடிந்தது' அன்று. வேறொன்றால் கெடுக்கப்பட்டது என்ற முடிவுக்கே கணக்கு இட்டுச் செல்கிறது.

காரணம் தேடிய முன்னோடி

இவ்வகைச் சிந்தனைக்கு நூற்பாலை ஒன்றே முன்னோடி நிகழ்வைத் தந்துள்ளது. ஹார்வி மில்லால் நெசவுத் தொழில்நகரமாகவும் வளர்ந்த மதுரையின் வாசகருக்கு இது அணுக்கமானதே. சுவீடனின் கோத்தன்பர்க் நகர நெசவாலையில் பராமரிப்புப் பொறியாளராக இருந்தவர் சுவென் விங்குவிஸ்ட். அங்குத் தாங்கிகள் அடிக்கடி சிதைந்தன. ஆலை களிமண் நிலத்தில் அமைந்திருந்ததால் தளம் அமிழ்ந்து, நீண்ட சுழல்தண்டுகள் நேர்கோட்டிலிருந்து விலகியதே அதற்குக் காரணம் என அவர் கண்டார். அதன் பயனாக 1907இல் தானே நேர்செய்துகொள்ளும் பந்துத் தாங்கியை உருவாக்கினார். தாங்கியை மீண்டும் மீண்டும் மாற்றுவதோடு நில்லாமல், அது அமர்ந்த இடத்தை ஆராய்ந்ததே அவரது வெற்றியின் அடிப்படை எனலாம்.

சூழல்சார் காரணங்கள்

மண்: மதுரைச் சமவெளியின் அடித்தளம் சார்னோகைட், நைஸ் முதலிய தொன்மையான பாறைகளால் ஆனது. இவற்றின் சிதைவில் எஞ்சும் மணலிலும், வைகை மணலிலும், மேலூர் வட்டாரக் கிரானைட் தூசியிலும் குவார்ட்ஸ் உண்டு. குவார்ட்ஸ் தாங்கி எஃகினும் கடினமானது. எனவே மூடியைக் கடந்து கிரீஸில் கலந்த நுண்மணல் அரைப்புப் பசைபோலச் செயல்பட்டு, பளபளப்பான ஓடுபாதையை மங்கச் செய்கிறது. மண்பாதையில் அன்றாடம் ஓடும் வாகனத்தில் மூடியின் நலமே தாங்கியின் நலம்.

நீர்: அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மதுரையின் தாழ்வான தெருக்களிலும் இரயில்வே சுரங்கப்பாதைகளிலும் நீர் தேங்குவது வழக்கம். 18 அங்குலச் சக்கரத்தின் அச்சு தரையிலிருந்து ஏறத்தாழ 30 செ.மீ. உயரத்தில் உள்ளது. ஆகவே ஓரடி நீர் நின்றாலே தாங்கி மூழ்கத் தொடங்கும். பிரேக்கால் சூடேறிய குடம் திடீரென நீரில் குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, மூடியின் விளிம்பு வழியாக நீரை உள்ளிழுக்கிறது. ஓடிவந்த சூடு தணியுமுன் வாட்டர் சர்வீஸில் அழுத்தநீரைக் குடத்தின் மீது நேராகப் பாய்ச்சுவதும் இதே விளைவைத் தரும். நீர் கலந்த கிரீஸ் பால்நிறம் பெற்று உயவுத்திறனை இழக்கிறது. வாகனம் சில நாள் நின்றால் குண்டு தொட்ட இடத்தில் துரு பிடிக்கிறது.

சுமை: மாட்டுத்தாவணி மலர்ச்சந்தைக்கு வரும் பூமூட்டைகளும் சிற்றூர்களிலிருந்து நகருக்கு வரும் பால்கேன்களும் இருசக்கர வாகனங்களிலேயே பெரும்பாலும் பயணிக்கின்றன. சுமை நான்கில் ஒரு பங்கு கூடினால் தாங்கியின் கணக்காயுள் ஏறத்தாழப் பாதியாகும். இரட்டித்தால் எட்டில் ஒரு பங்காகும். எனினும் மேற்கண்ட கணக்கின்படி எட்டில் ஒரு பங்கும் 29,000 கி.மீ. அளவில் வருகிறது. ஆதலின் மிகச் சில ஆயிரம் கிலோமீட்டரில் நேரும் சிதைவுக்குச் சுமையை மட்டும் காரணமாக்க இயலாது. சங்கிலியை மிகையாக இறுக்குவதும் பின்குடத்தின் மீது ஓயாத கூடுதல் சுமையாகும். ஓட்டுநர் அமரும்போது சங்கிலி மேலும் இறுகும் வாகனங்களில் இதன் தாக்கம் மிகும்.

பொருத்துமுறைசார் காரணங்கள்

புதிய தாங்கியும் விரைவில் சிதைவதற்குப் பெரும்பாலும் பொருத்துமுறையே காரணமாகிறது. இவற்றுள் நான்கு குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, தவறான வளையத்தில் அடித்தல். குடத்தில் இறுக்கமாக அமர்வது வெளிவளையம். ஆகவே விசை அதன் மீதே செலுத்தப்பட வேண்டும். உள்வளையத்தில் சுத்தியலால் அடித்தால் அவ்வதிர்ச்சி குண்டுகள் வழியாகக் கடந்து, ஓடுபாதையில் நுண்குழிகளை ஏற்படுத்தும். கடினத்தன்மைச் சோதனை முறையைக் கண்ட சுவீடன் பொறியாளர் பிரினெலின் பெயரால் இக்குழிவு பிரினெலிங் எனப்படுகிறது. தாங்கியைக் கழற்றும்போது பெரும்பாலும் உள்வளையத்தையே அடிக்க நேர்வதால், அவ்வாறு கழற்றியதை மீண்டும் பயன்படுத்தலாகாது.

இரண்டாவது, இடைக்குழலைப் புறக்கணித்தல். இரு தாங்கிகளின் உள்வளையங்களுக்கு இடையே அச்சைச் சூழ்ந்து ஒரு குழல் உண்டு. பட்டறையில் இது ஸ்பேசர் எனப்படும். அச்சின் நட்டை முடுக்கும்போது எழும் அழுத்தத்தை இக்குழலே தாங்குகிறது. குழல் விடுபட்டாலோ, நுனி தேய்ந்து குறுகினாலோ உள்வளையங்கள் ஒன்றையொன்று நோக்கி இழுக்கப்பட்டு, குண்டுகள் பக்கவாட்டில் நெரிபடும். சக்கரம் கையால் சுழற்றும்போதே தயங்கும். ஓட்டத்தில் குடம் சூடேறும். எத்துணைத் தரமான தாங்கியும் இந்நிலையில் நீடிக்காது.

மூன்றாவது, தேய்ந்த குடம். அலுமினியக் குடத்தின் துளை பெருத்துவிட்டால் வெளிவளையம் குடத்துக்குள்ளேயே சுழலத் தொடங்கும். துளையின் சுவரில் ஆங்காங்கே பொட்டுக் குத்தியோ, தகடு சுற்றியோ தாங்கியை இறுக்குவது உடனடித் தீர்வாகத் தோன்றும். ஆயினும் வளையம் முழுச்சுற்றிலும் தாங்கப்படாமல் சில புள்ளிகளில் மட்டும் தாங்கப்படுவதால் அது உருக்குலையும். லேத் பட்டறையில் குடத்துக்குப் புஷ் இடுவதோ குடத்தை மாற்றுவதோ முறையான தீர்வாகும்.

நான்காவது, ஒரு பக்கத் தாங்கியை மட்டும் மாற்றுதல். இரண்டும் ஒரே நீரையும் புழுதியையும் கண்டவை. பல வாகனங்களில் பின்சக்கரப் பற்சக்கரத் தாங்கும் பகுதியில் மூன்றாவது தாங்கி ஒன்றும் உண்டு. அது கவனிக்கப்படாமலே விடுபடுவதுண்டு.

முறையாகப் பொருத்துவதற்குக் குடத்தைச் சூடேற்றுதல் துணைபுரியும். அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இருமடங்கு விரிவது. 37 மி.மீ. துளையுடைய குடம் 70 பாகை செல்சியசு கூடுதலாகச் சூடேறினால் துளை ஏறத்தாழ 0.06 மி.மீ. விரியும். இச்சிறு விரிவே சுத்தியலின் தேவையைப் பெருமளவு குறைத்துவிடும். ஒரு பக்கத் தாங்கியை முழுமையாக அமர்த்தி, இடைக்குழலை இட்டு, மறுபக்கத் தாங்கியை அதன் உள்வளையம் குழலைத் தொடும்வரை அமர்த்துவதே பொது நெறி. எப்பக்கம் முதலில் என்பதை வாகனக் கையேடு குறிப்பிடும்.

சிதைந்த தாங்கியை ஆராய்தல்

கழற்றிய தாங்கி தன் சிதைவின் காரணத்தைத் தன்னுள் பொதிந்து வைத்துள்ளது. மூடியை நீக்கிக் கிரீஸைத் துடைத்து நோக்கினால் அது புலப்படும். குண்டுகளின் இடைவெளியிலேயே சமதூரக் குழிகள் இருந்தால் சுத்தியலடி காரணம். பால்நிறக் கிரீஸும் பழுப்புத் துருவும் நீரைக் காட்டும். மங்கிய சாம்பல்நிற ஓடுபாதையும் நறநறக்கும் கிரீஸும் மண்ணைக் காட்டும். குண்டு ஓடிய தடம் பள்ளத்தின் நடுவிலன்றி ஒரு விளிம்பை ஒட்டியிருந்து, நீலம் பாய்ந்த சூட்டுத்தடமும் உடனிருந்தால் இடைக்குழலை அளந்து பார்த்தல் வேண்டும். வெளிவளையத்தின் புறப்பரப்பில் சுழற்சிக் கீறல் இருந்தால் குடம் தேய்ந்துள்ளது. இவை எவையுமின்றி, சுமை தாங்கும் பகுதியில் செதில் செதிலாக எஃகு உரிந்திருப்பின் அதுவே களைப்பால் நேர்ந்த சிதைவாகும்.

'இப்போது வரும் பேரிங்கில் தரமில்லை' என்ற கூற்றும் பட்டறைகளில் ஒலிப்பதுண்டு. சந்தையில் போலித் தாங்கிகள் உலவுவதால் அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் ஓடுபாதையின் தடத்தைக் காணாமல் தரத்தைக் குறைகூறுவது, குறுகிய இடைக்குழலையும் தேய்ந்த குடத்தையும் மறைத்துவிடுகிறது.

சிதைவை முன்னரே அறியவும் வழியுண்டு. வாகனத்தை நடுத்தாங்கியில் நிறுத்தி, சக்கரத்தின் மேலும் கீழும் பற்றி ஆட்டினால் தளர்வு தெரியும். கையால் சுழற்றும்போது கரகரப்பும், ஓட்டத்தில் வேகத்தோடு ஏறும் ஒலியும் அடையாளங்கள். டிஸ்க் பிரேக் உள்ள முன்சக்கரம் ஆடினால், தட்டு பிரேக் பேடுகளைப் பின்தள்ளிவிடும். அதனால் பிரேக் பிடி வழக்கத்தினும் கூடுதலாக இறங்கும்.

முடிவுரை

சக்கரத் தாங்கியின் விலை குறைவு. அது சிதைவதால் கெடும் குடத்தின் விலையோ மிகுதி. பால்கேனோ பூமூட்டையோ ஏற்றிச் செல்பவருக்கு இடைவழியில் நின்ற வாகனம் ஒருநாள் வருவாயின் இழப்பு. கணக்கிட்ட ஆயுள் இரண்டு இலட்சம் கிலோமீட்டரைக் கடந்திருக்க, சில ஆயிரத்தில் நேரும் சிதைவுக்கு நீர், மண், பொருத்துமுறை ஆகியவையே முதன்மைக் காரணங்கள் என்பது பெறப்பட்டது. தொழிற்பயிற்சிக்கான தமிழ்ப் பாடங்களில் தாங்கியை மாற்றும் செய்முறையோடு, சிதைந்த தாங்கியை ஆராயும் செய்முறையும் இடம்பெறுதல் பயன்தரும். கழற்றிய தாங்கியை உரிமையாளரிடம் காட்டிக் காரணத்தை விளக்குவதைப் பட்டறைகள் வழக்கமாக்கிக் கொண்டால், இரண்டாம் முறை அதே குடத்தைத் திறக்க வேண்டிய தேவை குறையும்.