நம் மலைக்கு மேல் தெரியாத கிரகணம்

கிரகணம் என்ற செய்தி வந்ததும் லயத்து வீடுகளில் முதலில் அடுப்பு அணைகிறது. அடுத்து, வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் பெண்ணை உள்ளே போய்ப் படுக்கச் சொல்கிறார்கள். சோறு கூடாது, தண்ணீர் கூடாது, கத்தியைத் தொடக்கூடாது. பகல் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு வந்தவளுக்கும் இதே கட்டளைதான். அந்தக் கிரகணம் ஊவாவில் உள்ள நம் ஸ்பிரிங்வெளித் தோட்டத்து வானத்தில் தெரியுமா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்கும் உரிமை ஒவ்வொரு தாய்க்கும் உண்டு. விடையை அவளே கண்டுபிடிக்கவும் முடியும்.

பூமியின் நிழல் நிலாவின் மேல் விழுவதே சந்திர கிரகணம். அது பௌர்ணமியில்தான் நிகழும். அதனால்தான் எப்போதும் போயா நாளை ஒட்டி வருகிறது. நிலாவின் பாதை ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருப்பதால் எல்லாப் பௌர்ணமியிலும் அது நிழலுக்குள் புகுவதில்லை. நிழல் விழும் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றே. அந்தக் கணத்தில் நம் வானத்தில் நிலா இருக்கிறதா என்பதுதான் ஊருக்கு ஊர் மாறுகிறது.

கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் நேரத்தைச் சரிபாருங்கள். உலக நேரத்தில் கொடுத்திருந்தால் 5 மணி 30 நிமிடத்தைக் கூட்டினால் இலங்கை நேரம் வரும். இந்தியப் பஞ்சாங்கத்தின் நேரமும் நம் நேரமும் ஒன்றே. வேறு நாட்டு உறவினர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய நேரத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

அடுத்து, அந்த நேரம் இரவா என்று பாருங்கள். பௌர்ணமி நிலா சூரியன் மறையும்போது எழும், சூரியன் உதிக்கும்போது மறையும். நமக்கு அது ஏறக்குறைய மாலை 6 மணியும் காலை 6 மணியும். இந்த இரண்டுக்கும் நடுவில் வரும் கிரகணமே நம்முடையது.

கடைசியாக மலையையும் மூட்டத்தையும் பாருங்கள். நமுனுகுல மலையை ஒட்டிய தோட்டங்களில் கிழக்கே மேடு மறைத்தால், எழுந்த நிலா கண்ணுக்குத் தெரிய இன்னும் நேரமாகும்.

மூன்று கிரகணங்களை இப்படிச் சோதித்துப் பார்க்கலாம். 2025 செப்டம்பர் 7 அன்று முழுக் கிரகணம் இரவு 11 மணியளவில் தொடங்கி 82 நிமிடம் நீடித்தது. முழுவதும் நமக்குரிய இரவு. 2026 மார்ச் 3 அன்று முழுக் கிரகணம் மாலை 5.33 மணிக்கே முடிந்துவிட்டது. நிலா எழுந்தபோது மிஞ்சியிருந்தது அரை மணிக்கும் குறைவான பகுதிக் கிரகணம். 2026 ஆகஸ்ட் 28 கிரகணமோ இலங்கை நேரப்படி காலை 8 மணிக்குப் பிறகுதான் நிலாவைக் கவ்வுகிறது. அப்போது நம் வானத்தில் நிலாவே இல்லை. நாட்காட்டியில் போட்டிருக்கிறது என்பதற்காக அன்று ஒரு கர்ப்பிணி பசியோடு கிடப்பதில் என்ன நியாயம்? 2027இல் வரும் மூன்று சந்திர கிரகணங்களும் பூமியின் மங்கலான வெளி நிழல் மட்டும் படும் புறநிழல் கிரகணங்கள். வெறும் கண்ணுக்கு அவை சரியாகத் தெரிவதுகூட இல்லை.

உண்மையான ஆபத்து எது?

நம் வானத்தில் தெரியும் கிரகணமும் வயிற்றுப் பிள்ளையை ஒன்றும் செய்யாது. உதடு பிளந்து பிறக்கும் என்று பயமுறுத்துவார்கள். குழந்தையின் உதடு உருவாவது கர்ப்பத்தின் 4 முதல் 7 வாரங்களுக்குள். ஏழாம் மாதத்தில் வரும் நிழல் அதை எப்படிப் பிளக்கும்? மரபணுவும் வேறு பல காரணிகளும் சேர்ந்தே அது நேர்கிறது.

உணவும் தண்ணீரும் இல்லாமல் தாய்க்கு மயக்கம் வருவதே ஆபத்து. வலி எடுத்தும் “கிரகணம் விடட்டும்” என்று காத்திருப்பது அதைவிடப் பெரிய ஆபத்து. வலி, இரத்தப்போக்கு, பிள்ளை அசைவு குறைதல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே 1990 என்ற எண்ணில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். அது இலவசம், எந்த நேரமும் வரும்.

கண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சந்திர கிரகணத்தை வெறும் கண்ணால் தாராளமாகப் பார்க்கலாம். சூரிய கிரகணம் அப்படியல்ல. அதற்கென்றே செய்த கண்ணாடி இல்லாமல் பார்த்தால் பார்வையே போய்விடக்கூடும்.

உங்கள் உரிமை

விரதம் இருப்பது அவரவர் நம்பிக்கை. இன்னொருத்தியின் தட்டைப் பிடுங்கும் உரிமை யாருக்கும் இல்லை. வீட்டில் வற்புறுத்தினால் கிளினிக்கில் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள், வீட்டாரிடம் அவரையே பேசச் சொல்லுங்கள். தோஷம் என்று சொல்லிப் பரிகாரத்துக்குப் பணம் கேட்பவரிடம், “இது நம் வானத்தில் எத்தனை மணிக்குத் தெரியும்?” என்று முதலில் கேளுங்கள்.

2028 ஜூலை 6 அன்று பகுதிக் கிரகணம் இரவு 11.50 மணியளவில் உச்சத்துக்கு வரும். ஊவாவில் அது மழை குறைந்த காலம், தேயிலைக்கு மணம் சேரும் பருவம். நிலாவும் மலைக்கு மேலே உயரத்தில் நிற்கும். அதே ஆண்டு டிசம்பர் 31 அன்று முழுக் கிரகணம் இரவு 10.20 மணியளவில் உச்சமடையும். அது மழைக்காலம், மூட்டம் விலகினால் பார்க்கலாம். இந்த இரண்டு நாட்களையும் இப்போதே குறித்து வையுங்கள். அன்றிரவு வீட்டிலுள்ள கர்ப்பிணிக்கு முதலில் வயிறார சோறு போடுங்கள். பிறகு பிள்ளைகளையும் அவளையும் வாசலுக்கு அழைத்து வந்து நிலாவைக் காட்டுங்கள்.